கைதட்டினால் திறக்காத வீடு

மார்லிஸ் டெஷ் அந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலை, கேட்டுக்கு வெளியே நின்று யாரோ கை தட்டினார்கள். சன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். துணி மூடிய கூடையோடு ஒரு பெண். மூன்று தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தட்டு. சுவருக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்காமல் அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். மார்லிஸ் நோட்டை எடுத்து எழுதினாள்: "7.10. பெண். கூடை. ஐந்து தட்டு. ஏன்?"

அந்தக் கேள்விக்குறி முப்பத்தோரு வருடத்துப் பழக்கம். விஸ்கான்சினில், ஷெபாய்கன் என்ற ஏரிக்கரை ஊரில், இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பதுதான் அவளுடைய வேலை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பாள்; மூன்றாவது தடவை பதில் எங்கே நெளிகிறது என்று பார்ப்பாள். முதுகு போய்விட்டது என்று வந்தவன் படகைத் தள்ளுவதைப் படம் பிடித்திருக்கிறாள். நிஜமாகவே முதுகு போன இரண்டு பேரையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊரை விட்டு வந்ததற்கு ஒரு பெரிய காரணம் என்று எதுவும் இல்லை. சின்னச் சின்னதாக நிறையச் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் பற்பசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் பிரசவ வார்டை மூடினார்கள், பிறகு அவசர சிகிச்சையையும் மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் புல்தரையில் ஒரு கட்சிக் கொடியை நட்டான், இவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், மூன்று பனிக்காலம் பேச்சில்லை. கடைசியாக, மகன் கர்ட் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய ஆறு வயது மகள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படிப் படுக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாள். அந்த வாரமே மார்லிஸ் வீட்டை விற்பனைக்குப் போட்டாள்.

"பரகுவாயா? ஆறு மாசம் தாங்க மாட்டீங்கம்மா," என்றான் கர்ட். "பேஸ்மென்ட்ல உங்க கட்டில் அப்படியே இருக்கும். எடுக்க மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னான். அந்தக் கட்டிலை நினைத்தால் மார்லிஸுக்கு இன்றைக்கும் மூச்சு முட்டும். சன்னல் இல்லாத அறை, கொதிகலன் ஓடும் சத்தம், மாடியில் மருமகளின் காலடி.

காக்குப்பே போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் தெருவில் வீடு. சுவரை இரண்டு அடி உயர்த்தினாள். நாலு காமிரா வைத்தாள். கேட்டில் அழைப்பு மணி மாட்டினாள். இரண்டு வருடத்தில் அதை ஒருவர்கூட அழுத்தவில்லை. எல்லோரும் கைதான் தட்டினார்கள். கோர்ட் பிட்காக் என்ற கனடாக்காரர் பத்து வருடமாக அந்தப் பக்கத்தில் இருக்கிறார். புதிதாக வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் அவரே வாத்தியார். அவரிடம் போனில் கேட்டாள்.

"எதுக்குத் தட்டறாங்கன்னு நினைக்கிறீங்க? ஆள் இருக்கான்னு பாக்கத்தான்," என்றார் கோர்ட். "இல்லைன்னு தெரிஞ்சா சுவர் ஏறிடுவாங்க."

"போலீஸ் தட்டினா?"

"போலீஸ் தட்டினா நீங்க வீட்டுலயே இல்ல. காசு பிடுங்கத்தான் வருவாங்க. விளக்கை அணைச்சுட்டு உக்காருங்க."

தெருவில் அவளுக்குக் காமிராக்காரம்மா என்று பெயர். எதிர்வீட்டு எலாதியா மட்டும் மரியாதையாக ஞா மாலி என்பாள். 'ஞா' என்பது அங்கே பெரிய பெண்களின் பெயருக்கு முன்னால் போடுவது. எலாதியா சிப்பா என்ற மரவள்ளி மாவு ரொட்டியைச் சுட்டு விற்கிறவள். தினம் விடிவதற்கு முன் எழுந்து தன் வாசலைக் கூட்டுவாள், பிறகு தெருவைக் கடந்து வந்து மார்லிஸின் கேட்டுக்கு முன்னால் விழுந்து கிடக்கும் மாவிலைகளையும் கூட்டுவாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் வாசலை ஒருத்தி எதற்காகக் கூட்ட வேண்டும்? இலை மிதிபட்டிருக்கிறதா, ஆள் போய் வந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பாளோ? மார்லிஸ் எழுதினாள்: "5.40. எலாதியா. மறுபடி என் வாசலைக் கூட்டினாள். என்ன தேடுகிறாள்?" இப்படி நாலாவது நோட்டும் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

இரண்டு வருடத் தற்காலிக அனுமதி முடிந்து, நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு எழுதிப்போட வேண்டிய மாதம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது. இந்த விலாசத்தில்தான் வசிக்கிறாள் என்று உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன் தரவேண்டிய சான்றிதழ் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை போய் விண்ணப்பம் கொடுத்தாள். புதன்கிழமை வா என்றார்கள். அவளுக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் அவ்வளவுதான் புரிந்தது. அதற்கு நடுவில் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவள் ஊரில் இதெல்லாம் கம்ப்யூட்டரில் முடிகிற காரியம்.

செவ்வாய்க்கிழமை காமிராத் திரையில் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "9.25. போலீஸ். ஆறு தட்டு. திறக்கவில்லை."

புதன்கிழமை ஸ்டேஷனில் ஓவெலார் என்ற இளைய அதிகாரி காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். குறிப்பிட்ட விலாசத்தில் யாரும் வசிக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"நான் இருக்கு," என்றாள் மார்லிஸ். பதற்றத்தில் வினைச்சொற்கள் கைவிட்டுவிட்டன. "நான் அங்க இருக்கு. ரெண்டு வருஷம்."

"நான் நேர்ல வந்தேன் அம்மா. தட்டினேன். யாரும் வரல. எதிர்வீட்டுல கேட்டேன். அது பூட்டிக் கிடக்கிற வீடு, அந்த அம்மா ஊருக்கே போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் என்ன பண்றது?"

வீட்டுக்கு வந்ததும் காமிராப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். ஓவெலார் தட்டுகிறார், காத்திருக்கிறார், தெருவைக் கடக்கிறார். எலாதியா கேட்டருகே வந்து தலையை ஆட்டுகிறாள், இல்லை, இல்லை. அவர் மோட்டார் சைக்கிளில் போனபின் எலாதியா நேராகக் காமிராவைப் பார்த்து, வலது கண்ணின் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துக் காட்டுகிறாள்.

மார்லிஸ் அதை நாலு தடவை ஓட்டினாள். உன்மேல் கண் வைத்திருக்கிறேன் என்கிறாள். வேறென்ன? வீட்டில் ஆளில்லை என்று எழுத்தில் ஆகிவிட்டால் வீடு யாருக்குப் போகும்? எலாதியாவின் மகன் போன வருடம் கல்யாணம் செய்து, இரண்டு அறை வீட்டில் மாமியாரோடு நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடமாகக் கூட்டியதெல்லாம் இதற்குத்தான். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வரும்போது கிடைக்கும் அந்தப் பழைய திருப்திகூட ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் பேஸ்மென்ட் கட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

தெருவைக் கடந்து, எலாதியாவின் கேட்டைத் தானே திறந்து, நாய் குரைக்கக் குரைக்க உள்ளே போய்க் கதவில் முட்டியால் இடித்தாள். எலாதியா மாவு படிந்த கையோடு, உள்பாவாடை மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"இது என்ன பழக்கம்? கேட்டுல நின்னு கை தட்டாம உள்ள வர்றது ரெண்டே பேரு. ஒண்ணு திருடன், இன்னொண்ணு போலீசு."

"நான் இல்லைன்னு ஏன் சொன்னது?"

"எது, நேத்தா? நீங்கதானே இல்லாம இருந்தீங்க. அவன் தட்டினதும் சமையக்கட்டு விளக்கு அணைஞ்சுது, இங்கேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன். சரி, இந்தம்மாவுக்கு என்னமோ தொல்லை, நாமளும் இல்லைன்னே சொல்வோம்னு சொன்னேன்."

"போலீஸ்கிட்ட என்ன சொன்னது?" இது இரண்டாவது விதம்.

"அதான் சொன்னேனே. ஊருக்குப் போயிட்டாங்கன்னேன்."

"கண்ணை இழுத்துக் காட்டினது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கண்ணை முழிச்சு வச்சிரு, ஜாக்கிரதைன்னு. எங்க ஊர்ல குழந்தைக்கும் தெரியும்." எலாதியா கையைத் துண்டில் துடைத்தாள். "ஏன், கண்ணடிச்சேன்னு நினைச்சீங்களா? என் வயசுக்கு?"

மார்லிஸ் மூன்றாவது விதமாகவும் கேட்டாள். பதில் நெளியவில்லை. எலாதியாவின் முகம்தான் மாறியது.

"இங்க பாருங்க. எனக்கு எட்டு வயசு இருக்கும், அந்தக் கிழட்டு ஜெனரல் நாட்டை ஆண்ட காலம். காக்கிச்சட்டை வந்து எங்க அப்பாவைக் கேட்டான். உள்ளதான் இருக்காருன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நல்லவதான், சும்மா உண்மையைச் சொன்னா. அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் காக்கிச்சட்டை யாரைக் கேட்டாலும் இந்தத் தெருவுல ஒருத்தரும் இல்ல. நீங்க வந்த மூணாம் நாள் சிப்பா கொண்டாந்து தட்டினேன், அப்பவும் நீங்க இல்ல. உங்களுக்கு அதுதான் பிடிக்கும்போலன்னு இருந்துட்டேன்."

மார்லிஸ் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். பாதி சைகை, பாதி ஸ்பானியம். எலாதியா வாயில் கை வைத்தாள். "நாளைக்குக் காலையில வரேன். நான் சொன்னதை நானே திருப்பி வாங்கிக்கறேன். திட்டுவான், திட்டட்டும்."

வியாழக்கிழமை ஓவெலார் திட்டவில்லை, சலித்துக்கொண்டார். "ஞா எலாதியா, முந்தாநாள் இல்லைன்னீங்க. இன்னைக்கு இருக்காங்கங்கறீங்க. நான் எதை எழுதறது? கரண்ட் பில் இருக்கா அம்மா, உங்க பேர்ல?"

பில் இன்னும் பழைய வீட்டுக்காரர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. பெயர் மாற்றினால் யார் யாருக்கோ தன் விலாசம் தெரிந்துவிடும் என்று மார்லிஸ் மாற்றாமலே விட்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா இருக்கீங்கன்னு காட்ட எழுத்துல ஏதாவது? எதுவா இருந்தாலும் சரி."

எழுத்தில் இருந்தது. பையில், அவள் எங்கே போனாலும் கூடவே வரும் நாலு நோட்டுகள். பக்கத்தில் எலாதியா உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பிறகு அந்தக் கட்டிலை நினைத்துக்கொண்டு நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஓவெலாருக்கு ஆங்கிலம் தெரியாது. தேதியும் மணியும் எந்த மொழியிலும் படிக்க வரும். புரட்டிக்கொண்டே போனவர் கடைசி நோட்டில் நின்றார். "செவ்வாய், 9.25. இது என்ன, ஆறா? ஆறு தட்டுதான் தட்டினேன்." சிரித்துவிட்டார். "எண்ணிக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தீங்களா? சரி, இதுக்கு மேல என்ன சாட்சி. ஞா எலாதியா, இங்க ஒரு கையெழுத்து."

எலாதியா பேனாவை வாங்கவில்லை. அவள் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் பேருதானே?"

"ஆமா."

"இதுவும். இதுவும். எல்லாப் பக்கத்துலயும் இருக்கே. அஞ்சு நாப்பது, அஞ்சு முப்பத்தஞ்சு. நான் எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறேன்னு என் புருஷனுக்கே தெரியாது. என்ன எழுதியிருக்கீங்க?"

"நீங்க கூட்டறது," என்றாள் மார்லிஸ்.

"கூட்டறதுக்குப் பின்னால இந்தக் கேள்விக்குறி எதுக்கு?"

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேரை இப்படி மேசைக்கு எதிரில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டிய நாற்காலி எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. "எனக்குத் தெரியாததால," என்றாள். பொய்யில்லை. போதவும் இல்லை.

எலாதியா கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, முழுப்பெயரும்.

திரும்பி வரும் பஸ்ஸில் எலாதியா சன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அந்தக் காலத்துல இப்படி எழுதறவங்களுக்கு நாங்க ரோமக்கால்காரங்கன்னு பேர் வச்சிருந்தோம். காலடியில ரோமம் இருந்தா நடக்கிற சத்தம் கேக்காதுல்ல, அதனால. எங்க அப்பா பேரும் ஒரு நோட்டுல இருந்துச்சாம். எத்தனை மணிக்கு வர்றாரு, எத்தனை மணிக்குப் போறாருன்னு."

"நான் யாருக்கும் கொடுக்கல. எனக்கு மட்டும்."

"அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் எலாதியா.

வெள்ளிக்கிழமை தலைநகருக்குப் போய் மார்லிஸ் காகிதங்களைக் கொடுத்தாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அட்டை மூன்று மாதத்தில் வரும். கர்ட்டுக்குச் செய்தி அனுப்பினாள்: கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

சனிக்கிழமை காலை 5.40க்குத் திரையைப் பார்த்தாள். எலாதியா தன் வாசலைக் கூட்டினாள், துடைப்பத்தை மதிலில் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமைக்குள் மார்லிஸின் கேட்டுக்கு முன்னால் மாவிலை கணுக்கால் உயரம் சேர்ந்துவிட்டது. ஆளில்லாத வீட்டு வாசல் எப்படி இருக்குமோ, அப்படி. நோட்டில் "5.40. வரவில்லை" என்று எழுதினாள். கேள்விக்குறி போடப் பேனாவைக் கொண்டுபோய், போடாமல் விட்டாள்.

துடைப்பம் வாங்கி வந்து, தன் வாசலைக் கூட்டினாள். இலைகளை எங்கே குவிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெருவைக் கடந்து எலாதியாவின் கேட்டுக்கு வெளியே நின்றாள். நாய் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எத்தனை தட்டு தட்டுவது? நாலு நோட்டில் மூன்று இருந்தது, ஐந்து இருந்தது, ஆறும் இருந்தது. எத்தனை தட்டினால் திறப்பார்கள் என்று எங்கேயும் இல்லை.

மூன்று தட்டினாள்.

உள்ளே ரேடியோ நின்றது. சன்னல் திரை ஒரு விரல் அகலம் விலகியது; அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை. மார்லிஸ் கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை.