கப்பல் ஏற மறுத்த காளியம்மா

போன மாதம் ஒரு காலை, எங்கள் தீவின் படகுத்துறைக்குப் போயிருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெர்ரியில் மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் இறங்கியது. நிபோங் திபால் பக்கம் ஆறு கரை உடைத்த செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நமக்கு அது நாலு வரிச் செய்தி. அவர்களுக்கோ... வீடு!

இரண்டு கறவை மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஒருத்தி. பெயர் காளியம்மா. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஆற்றோரத்தில் பால் விற்றுப் பிழைத்தவள். போன வருஷம் மழையே இல்லை. புல் கருகி ஒரு மாடு செத்தது. இந்த வருஷம் பெய்த பேய் மழையில் குடிசையே போயிற்று.

துறையருகே வெள்ள நிவாரண அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு கிராணி, அதாவது சர்க்கார் குமாஸ்தா. நம்மவர்தான்.

“பேரைச் சொல்லும்மா. அடுத்த கப்பல்ல நாகப்பட்டினம் அனுப்பிடறோம். டிக்கெட் இனாம்.”

“நான் எதுக்குக் கப்பல் ஏறணும்?”

“உன் ஊருக்குப் போகத்தான்.”

“நான் பொறந்ததே நிபோங் திபால்லதான், கிராணி ஐயா. நாகப்பட்டினம் கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது.”

“பேர் கொடுத்தாத்தான் அரிசி.”

“அப்ப அரிசியை நீங்களே வச்சுக்குங்க. தண்ணி வந்துட்டா, பொறந்த மண்ணு இல்லேன்னு ஆயிடுமா?”

விறுவிறுவென்று மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தாள். சின்னவள் பசியில் அழுதாள். வரிசையில் நின்ற சில பெண்கள் அவள் போவதையே பார்த்தார்கள். பிறகு... அவர்களும் விலகிவிட்டார்கள்!

மழை ஏமாற்றினால் ஜனங்கள் பிழைக்கிற இடத்துக்கு நகரத்தான் செய்வார்கள். மலாய்க்காரர் கெடாவுக்குப் போனால், சீனர் தைப்பிங்குக்குப் போனால், ‘இடம் மாறினார்’ என்கிறோம். தமிழச்சி ஃபெர்ரி ஏறினால் மட்டும் கப்பலைக் காட்டுவதா? என்ன நியாயம் இது?

எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து அவளை மறித்தார்.

“தங்கச்சி, என் கடைக்குப் பால் வேணும். ஆயர் ஈத்தாம் மேட்டுல நம்ம கொட்டகை சும்மாதான்லா கெடக்கு. முதல்ல பிள்ளைங்களைச் சாப்பிட வை.”

இப்போது காளியம்மா அந்த மேட்டில்தான் இருக்கிறாள். அன்று வரிசையை விட்டு வந்தவர்களில் இரண்டு பேர் அவளோடு புல் அறுக்கிறார்கள்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். “இங்கேயும் வெள்ளம் வந்தால் என்னம்மா செய்வாய்?” என்று கேட்டேன்.

“பின்னாடி மலை இருக்கில்லண்ணே? இன்னும் மேல ஏறுவேன்.”

அந்த மாடுகளின் முகத்தைப் பார்த்தால், அவையும் ஏறும் என்றுதான் தோன்றுகிறது!