கிணற்றில் ஒரு முந்திரிப் பங்கு

சுருளிப்பட்டியில் எங்கள் குடும்பத்துக் கூட்டுக்கிணற்றில் தண்ணீர் முறை பதினாறு நாளுக்கு ஒரு சுற்று. யாருக்கு எவ்வளவு என்பது பெரியப்பா எழுதிவைத்த நோட்டில் இருக்கிறது. பின்னங்களை அவர் பழைய கணக்குக் குறிகளில்தான் எழுதுவார். நோட்டு இற்றுப்போனதால், அதைக் கணினியில் ஏற்றி மோட்டார் ரூமில் ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. வாத்தியாரான எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டாருக்கு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு.

அந்தக் குறிகளுக்குக் கணினியில் இப்போது தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது குதிக்காத குறைதான். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதற்கான எழுத்துருவைத் தேடிப்பிடித்து, மாகாணி, காணி, முந்திரி என ஒவ்வொன்றாக ஏற்றினேன். அச்சடிக்க அனுப்பியதும் கம்பம் டவுனிலிருந்து பிரிண்ட் கடைக்காரர் போன் செய்தார்.

"சார், எல்லாம் வெறும் கட்டமா வருது."

அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. எரிச்சலில் குறிகளைத் தூக்கிவிட்டு, தசமமாக மாற்றி, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்று அனுப்பிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏலே, எம் முறைக்கு மோட்டார் போடல. அண்ணன்மாரக் கேட்டா, லிஸ்ட்ல ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றாக. நட்ட கத்தரி வாடிக் கெடக்கு."

அவளுடைய பங்கு ஒரு முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று. சுற்றுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடத் தண்ணீர். பெண்பிள்ளைக்குக் கிணற்றில் பங்கு எழுதும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லாத நாளில் பெரியப்பா எழுதிக்கொடுத்தது. என் பட்டியலில் அது 0.00 என்று நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றே பழைய குறிகளைத் திரும்பப் போட்டேன். பக்கத்திலேயே மணியும் நிமிடமும் எழுதி, எந்தக் கணினியிலும் மாறாதபடி பிடிஎஃப் ஆக்கி அச்சடித்து, மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் ஒட்டினேன். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் அண்ணன்கள் இருவரும் நின்று படித்தார்கள்.

"லிஸ்ட்ல இருந்தா விடவேண்டியதுதான்" என்று மூத்த அண்ணன் சுவிட்சைப் போட்டார்.

அக்கா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அருகில் போய், "தப்பு என்னுதுதான்க்கா" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"ஒனக்கு அந்தக் குறி புதுசு. ஒம் மிஷினுக்கும் புதுசு. இத்தன வருசமா எனக்குத் தண்ணி விட்ட அண்ணன்மாருக்குமா தெரியாமப் போச்சு?"