பத்து ரவுண்டுக்கு அண்ணி போட்ட கையெழுத்து

"அந்த வண்டிய மூணு ரவுண்டு வேகமா ஓட்டலாம். நாலாவது ஓட்டக்கூடாது" என்றாள் அண்ணி.

சனிக்கிழமை காலை. அண்ணன் கார் ஷோரூமுக்குக் கிளம்பச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து டீ ஆறக் காத்திருந்தேன்.

"அது என்ன மாத்திரையா, வேளைக்கு மூணுன்னு?" என்று அண்ணன் சிரித்தான்.

"விளையாடாதீங்க. அதுக்கு மேல பிரேக் மிதி நிக்காது."

"முந்நூறு குதிரைசக்தி வண்டிம்மா அது."

"ஓடறதுக்கு முந்நூறு குதிரை இருக்கு. நிறுத்தறதுக்கு யார் இருக்கா?"

"சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல நாலு டிஸ்க் இருக்கு. கம்பெனிக்காரன் யோசிக்காமலா செஞ்சிருப்பான்?"

"ரோட்டுக்கு யோசிச்சுச் செஞ்சிருப்பான். ரோட்டுல யாரும் நிமிஷத்துக்கு நாலு தடவை அப்படி அழுத்த மாட்டாங்க. அதுவும் உள்ள இருக்கிற பிரேக் ஆயில் வண்டி செஞ்ச அன்னைக்கு ஊத்துனது. கதவுத் தகட்டுல தேதி பாத்தேன். ரெண்டு வருஷம்."

"ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. புது வண்டி!"

"வண்டி புதுசு. ஆயில் பழசு. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னாடி சும்மா நின்னாலும் அது காத்துல இருக்கிற தண்ணிய இழுத்துக்கிட்டேதான் இருக்கும்."

அண்ணி வண்டியின் கையேட்டை என் பக்கம் தள்ளினாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. "கடைசிப் பக்கம். நீயே படி."

படித்தேன். பந்தய டிராக்கில் ஓட்டுவதற்கு முன் அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயிலுக்கு மாற்ற வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தமிழில் சொன்னேன்.

"அது வக்கீல் எழுதுனது" என்றான் அண்ணன். "அட்டைப் படத்துல என்ன போட்டிருக்கான்? அதையும் படி, ஊமைக்கோட்டான்."

அட்டையில், கம்பெனியிலிருந்தே டிராக்குக்குத் தயார் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அரை மணி நேரம் குடுங்க. ஆயில மாத்தி விட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றான் அண்ணன். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. "ஒரு திருகுகூட மாத்தாத வண்டின்னு சொல்லி நாளைக்கு டிராக்குக்குப் பன்னெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கேன். மாத்திட்டு, மாத்தலைன்னு பொய் சொல்லவா?"

"அப்ப மாத்திட்டேன்னு சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் என்ன காட்டறதுக்கு அவங்களைக் கூப்பிட்டேன்? மேனேஜர் என்னை வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவார்." சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நாளைக்கு வண்டிய செக் பண்றதே நீதான். அப்புறம் என்ன பயம் உனக்கு?"

அவன் போன பிறகும் அண்ணி வெங்காயத்தைத் தொடவில்லை.

பயப்படுவது அண்ணிக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் ஏற மாட்டாள். ஐந்து மாடியானாலும் படிதான். சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். மறுபக்கம் போய்ப் பார்த்தால் விரல் தடம் பதிந்திருக்கும். பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, கேஸை அணைத்தோமா என்று திரும்பி ஓடுவாள். வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால், "நான் ஓட்டுனா எதிர்ல வர்றவங்க கதி?" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். லாரிகளுக்குப் பிரேக் வேலை பார்க்கும் பட்டறையில் பில் எழுதப் போனாள். தான் பில் போட்டு அனுப்பிய லாரிகள் எங்கே நிற்காமல் போகுமோ என்று தூக்கம் வராமல், ஒவ்வொன்றையும் எழுந்து போய்ப் பார்க்கத் தொடங்கினாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஆறு வருடம் கழித்து டிராக்கில் வண்டிப் பரிசோதகராகக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டலாம். அதற்கு முன் அண்ணியிடம் ஒட்டுத்தாள் வாங்க வேண்டும். அங்கேயே படிவம் நிரப்பும் வேலையை எனக்கும் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

தகரக் கூரை போட்ட கொட்டகை. வரிசையாகக் கார்கள். அண்ணி ஒவ்வொன்றிலும் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, மிதியை உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தி, கண்ணை மூடி முப்பது எண்ணுவாள். மிதி மெதுவாகக் கீழே இறங்கினால் அந்த வண்டி அன்று வீட்டுக்குத்தான். நின்றாலும் அவளுக்கு நம்பிக்கை வராது. "காலையில எல்லா மிதியும் கல்லு மாதிரிதான் இருக்கும். சூடாகட்டும், அப்ப தெரியும்" என்பாள். ஆயில் கொதித்தால் உள்ளே குமிழ் வரும். அப்புறம் மிதிப்பது வெறும் காற்றைத்தான்.

ஆகவே, ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுப்பாள். மூன்று ரவுண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. பிறகு உள்ளே வர வேண்டும். சூட்டோடு அவள் மறுபடி மிதித்துப் பார்ப்பாள். பிரேக் ஆயிலும் டிஸ்க்கை இறுக்கும் பேடும் மாற்றிய வண்டிக்குப் பச்சை. முழு நேரமும் ஓட்டலாம். லைசென்ஸே இல்லாத அம்மாவிடம் போய் மார்க்கு வாங்கணுமா என்று வருபவர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு பெரிய மனிதர் அவளைக் கண்டபடி பேசிவிட்டு மஞ்சளோடு போனார். நான்காவது ரவுண்டு முடிந்து உள்ளே வந்தவர், முன்சக்கரங்களில் புகையோடு இறங்கி, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். கூடவே மேனேஜர், பன்னிரண்டு வாடிக்கையாளர்கள். அவர்களில் அறுபது வயதுப் பல் டாக்டர் அம்மா ஒருவர் ஏற்கனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அண்ணன் பத்து ரவுண்டு ஓட்டிக் காட்டுவான். அவர் பக்கத்தில் உட்காருவார் என்று ஏற்பாடு.

அண்ணி மிதித்தாள். முப்பது எண்ணினாள். மிதி நின்றது. கீழே இறங்கி மஞ்சள் தாளை எடுத்தாள்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். "என்ன மேடம், வீட்டுக்காரர் வண்டிக்கே மார்க்கு குறைக்கிறீங்க? காலையில டிபன் சரியில்லைன்னு சொல்லிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். ஆனால் அவன் கண் அண்ணியின் கையில் இருந்த தாளை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

அண்ணியும் சிரித்துவைத்தாள். மஞ்சளை அடியில் செருகிவிட்டுப் பச்சையை உருவி ஒட்டினாள்.

நான் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிடம். அண்ணி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. முதல் ரவுண்டு. இரண்டாவது. வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள். மூன்றாவது ரவுண்டில் வண்டி கடந்துபோனதும் தீய்ந்த வாடை வந்தது.

"இப்ப உள்ள வரணும்" என்றாள் அண்ணி.

வரவில்லை. நான்காவது ரவுண்டும் முடிந்தது. அண்ணன் ஜன்னலில் கை காட்டிவிட்டுப் பறந்தான்.

அண்ணி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கொடிக்காரர் நின்ற மேடையில் ஏறி, "அவரை நிறுத்துங்க" என்றாள்.

"பச்சை ஒட்டியிருக்கே மேடம். நீங்கதானே குடுத்தீங்க?"

"தப்பாக் குடுத்துட்டேன்! நான் தப்பாக் குடுத்துட்டேன்!"

மேனேஜர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடிக்காரர் சிவப்புக் கொடியை எடுத்தார். அதற்குள் வண்டி நேர்பாதையின் கோடியை நெருங்கிவிட்டது. அங்கேதான் மிகக் கூர்மையான வளைவு. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

விளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "விட்டு விட்டு மிதிக்கிறார்... மிதி இல்ல... மிதியே இல்ல..."

வண்டி வளையவில்லை. நேராகச் சரளைக்கல் பரப்பில் இறங்கிச் சுழன்றது. டயர் அடுக்கு அதிர்ந்தது. புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. அந்தப் புழுதி அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அது அடங்கக்கூடாது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடங்கினால் பார்க்க வேண்டுமே.

அண்ணன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினான். அப்படியே சரளையில் உட்கார்ந்தான். பல் டாக்டரையும் இறக்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்ற விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பத்துன்னு சொன்னீங்க. எனக்கு நாலு போதும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அண்ணி அண்ணனிடம் போகவில்லை. வண்டிக்குள் குனிந்து, கையால் மிதியை அழுத்தினாள். அது எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போனது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும். "போதும், வாம்மா" என்று அண்ணன் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிடித்தபடியே நின்றாள்.

வண்டியை இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேனேஜர் உள்ளே ஏறி மிதித்துப் பார்த்தார். மிதி கல் மாதிரி நின்றது.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு? இது டிரைவர் தப்பு."

இரண்டு பேரைக் கொல்லப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் திரும்பி வந்து நிற்கிறது அது.

"சூடு ஆறிடுச்சு சார்" என்றாள் அண்ணி. "குமிழ் அடங்கிடுச்சு. இதையே நாளைக்கு வித்தீங்கன்னா, வாங்கறவரும் மிதிச்சுப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னுதான் சொல்வார்."

அறிக்கையில் விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தைக் காட்டி, என்ன எழுத என்று கேட்டேன். அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன்: பழைய பிரேக் ஆயில் கொதித்தது. மஞ்சள் ஒட்ட வேண்டிய வண்டிக்குப் பரிசோதகர் பச்சை ஒட்டினார். இரண்டு மொழியிலும் எழுதச் சொன்னாள்.

டிராக்குக்காரர்கள் அவளை இரண்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டு, அவளைப்போல் பயப்படும் ஆள் வேறு கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள். அண்ணன் அந்த ஷோரூமில் மாதக் கடைசி வரைதான் இருந்தான். போகும் நாள் வரை, கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னான்: வந்தபடியே மூணு ரவுண்டுக்கு ரெடி, அதுக்கு மேல ஆசைப்பட்டா முதல்ல ஆயிலையும் பேடையும் மாத்துங்க. அதைக் கேட்டு அதே மாடலை வாங்கியவர் ஒரே ஒருவர், பல் டாக்டர். இரண்டையும் மாற்றிவிட்டு, டிராக்கில் முதல் தடவை அண்ணன்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று போன் செய்தார். அண்ணன் சரி என்றுவிட்டான்.

அந்தப் போன் வந்த அன்று மாலை அண்ணி என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவர் ஓட்டற வண்டிய நீ பாரேன்" என்றாள்.

"நானா? எனக்கு என்ன அண்ணி தெரியும்? வேற யாரையாவது கேளுங்க."

"மத்தவங்க எல்லாம் அவர் பேச்சுக்குச் சிரிச்சுடறாங்க. நானும்தான். நீ சிரிக்க மாட்ட." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிதிச்சுட்டு முப்பது எண்ணு. மூணு ரவுண்டு கழிச்சு உள்ள கூப்பிட்டு, சூட்டோட இன்னொரு தடவை மிதி. மனசுக்குச் சரியாப் படலைன்னா மஞ்சள் ஒட்டிடு. நானே வந்து பச்சை கேட்டாலும் குடுக்காத."