முன்னூறு சிசியும் நர்சீஸின் இரண்டு கைகளும்

நர்சீஸ் யாரையும் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். கேட்ட பிறகு, யார் சொன்னதையும் செய்ய மாட்டார். மகள் மரியோனாவுக்குப் பாறை ஏறும் பைக் வாங்குகிற விஷயத்தில் விக் ஊரில் அவர் யோசனை கேட்காத ஆள் பாக்கி இல்லை. சனிக்கிழமை காலையில் பைக் கழகத்துக்காரர்கள் கூடி, சாசேஜும் வெள்ளை மொச்சையும் வைனுமாக வெளுத்துக் கட்டுகிற கடையில் குளிர்காலம் முழுக்க இதே பேச்சுதான். அவள் நூற்றிருபத்தைந்து சிசியிலேயே இருக்கட்டுமா, இருநூற்றைம்பதா, முன்னூறா? மேயர் தேர்தலுக்குக்கூட எங்கள் ஊரில் இத்தனை பேர் வாயைத் திறந்ததில்லை.

எங்கள் பந்தயத்தில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. இருபக்கமும் நாடா கட்டிய பாதையில், காலைக் கீழே ஊன்றாமல் பாறைகள்மேல் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். விழுந்தால் ஐந்து. தண்டம் குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். சின்ன எஞ்சின் சாது. அதை உறும வைத்து, கிளட்சைப் பிடித்து, சரியான நேரம் பார்த்து விட்டால்தான் துள்ளும். பெரிய எஞ்சினுக்கு இந்தத் தாஜா எல்லாம் வேண்டாம். ஆக்சிலேட்டரை மயிரிழை முறுக்கினால் நின்ற இடத்திலிருந்தே பாறையேறும். அதற்கு மேல் இன்னொரு மயிரிழை போனால் ஆளைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிடும். எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணம்தான் வேறு.

பைக் கடை வைத்திருக்கும் கஸ்பார், நர்சீஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இருநூற்றைம்பது வாங்கச் சொன்னார். மரியோனா ஒல்லியான பெண், பத்தொன்பது வயது, இளையோர் பிரிவில் சின்ன எஞ்சினை வைத்தே எல்லோரையும் தோற்கடித்தவள். இந்த வருடம்தான் பெரியவர்களோடு போட்டி. வருட முடிவில் முதல் மூன்று இடத்தில் வந்தால் கத்தலான் மாகாண அணியில் சேரலாம். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். படிப்படியாக ஏறட்டுமே என்றார் கஸ்பார். நர்சீஸ் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை போய் முன்னூறை எடுத்து வந்துவிட்டார்.

அதற்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் காரணம். இளவயதில் நர்சீஸும் பாறை ஏறியவர்தான். சித்தப்பா மகன் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்த சின்ன எஞ்சின்தான் அவருக்கு வாய்த்தது. ஒருமுறை ஊரே கூடியிருக்க, கடைசிப் பாறையின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்துவிட்டு, இழுவை போதாமல், அப்படியே பின்னுக்குச் சரிந்து ஓடைக்குள் உட்கார்ந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பு அவர் காதைவிட்டு இன்னும் போகவில்லை. பெரிய எஞ்சின் மட்டும் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாரானால், கடையில் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வருடமே சாசேஜ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். உலர்த்தும் அறையில் வரிசை வரிசையாகத் தொங்குகிற சாசேஜை விரலால் அமுக்கிப் பார்த்து, இது ஆயிற்று, இது ஆகவில்லை என்று சொல்கிற வேலை. நாளெல்லாம் அமுக்கி அமுக்கி, தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷன் ஆகிவிட்டார். கடையில் ரொட்டியை அமுக்குவார், பழத்தை அமுக்குவார். மகள் ஒரு தும்மல் போட்டால் நெற்றியில் கை வைத்துவிடுவார். மனைவி ரெமேய் முடிதிருத்தும் கடை நடத்துபவள். வாய் கொஞ்சம் நீளம். புது வண்டி வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஊரையே கேட்டியே, ஓட்டப்போறவளைக் கேட்டியா?"

கேட்கவில்லை. மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. மரியோனா வண்டியைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறென்ன சொல்வாள், பாவம்.

முதல் ஒரு மாதம் அந்த எஞ்சின் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சிறு கல்லைத் தாண்டச் சொன்னால் கழுதை மாதிரி எகிறும். உள்ளங்கை தோலுரிந்து, முழங்காலெல்லாம் நீலம் பாரித்து, அவள் மறுபடி மறுபடி ஏறினாள். நர்சீஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு செய்துவிட்டோம் என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல, கஸ்பார் முகத்தில் விழிக்க, அவரால் முடியுமா? தலைகீழாக நின்றாலும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வசந்தம் வருவதற்குள் மரியோனாவுக்கு வண்டி வசப்பட்டுவிட்டது. அது எப்போது எகிறும் என்று தெரிந்துகொண்டு, எகிறுவதற்கு முன்பே உடம்பை முன்னால் சாய்த்துவிடுவாள். வசப்படாதது நர்சீஸுக்குத்தான்.

எங்களிடம் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு மூட்டைக்காரன் உண்டு. ஸ்பேனரும் தண்ணீரும் அடைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஓட்டுநரோடு நாடாவுக்குள்ளேயே போய், உயரமான பாறைக்குக் கீழே நிற்பவன். எப்படி ஏறுவது என்று கத்துவான். வண்டி மேலே விழ வந்தால் பிடிப்பான். ஆனால் வண்டியையோ ஆளையோ அவன் கை தொட்டுவிட்டால் நடுவர் ஐந்து விரலையும் விரித்துவிடுவார். விழுந்ததற்கும் அதே ஐந்துதான். ஆகவே நல்ல மூட்டைக்காரன் என்பவன் கையை நீட்டியபடியே நிற்பான், தொட மாட்டான். நிஜமாகவே விழுகிற கணம் வரைக்கும் காத்திருப்பான். மரியோனாவுக்குச் சின்ன வயதிலிருந்து மூட்டைக்காரர் அவளுடைய அப்பாதான்.

சீசனின் முதல் போட்டியிலேயே வினை ஆரம்பித்தது. வண்டி பாறையில் ஏறும்போது பின்சக்கரம் லேசாக வழுக்கியது. நர்சீஸ் லபக்கென்று பின்மட்கார்டைப் பிடித்துவிட்டார். நடுவர் ஐந்து விரலை விரித்தார். அடுத்த போட்டியிலும் அதே கதை. மூன்றாவதில் சக்கரம் வழுக்கவே இல்லை, எஞ்சின் உறுமிய சத்தத்துக்கே மனுஷன் பாய்ந்து பிடித்தார். கூட்டத்தில் யாரோ கெக்கலித்தார்கள். மரியோனா ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வேனுக்குப் பின்னால் வைத்து அவளிடம் கெஞ்சினார். வண்டியை விற்றுவிட்டு இருநூற்றைம்பது வாங்கிவிடலாம், நான்தான் புத்தியில்லாமல் செய்துவிட்டேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா. நீ புடிச்ச மூணு தடவையும் நான் ஏறியிருப்பேன்."

"விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா விழுந்திருப்பேன்."

கஸ்பாரும் விடவில்லை. மறுநாள் கடையில் வைனை ஊற்றிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"யோவ், எஞ்சின் அவளுக்குச் சரியாத்தான்யா இருக்கு. உனக்குத்தான் பெரிசாப் போச்சு."

நர்சீஸ் சிரித்து மழுப்பினார். மழுப்பாமல் என்ன செய்வார்? அது உண்மை என்பது அவருக்கே தெரியும். உலர்த்தும் அறையில் சாசேஜை அமுக்கும்போதெல்லாம், மகளுடைய பின்சக்கரம்தான் கண்ணுக்குள் வழுக்கிக்கொண்டிருந்தது. வேறு மூட்டைக்காரனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தார். மரியோனா ஒத்துக்கொள்ளவில்லை. நீதான் வேண்டும், ஆனால் தொடாமல் நிற்கிற நீ வேண்டும் என்றுவிட்டாள்.

கடைசிப் போட்டி பெர்கா ஊருக்கு மேலே, ஓடைப் படுகையில். முதல் நாள் மழை பெய்திருந்தது. கடைசிப் பாதைக்கு வரும்போது சீசன் கணக்கில் மரியோனா மூன்றாம் இடத்தில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கும் அவளுக்கும் இரண்டே புள்ளி வித்தியாசம். கடைசிப் பாறை ஆளுயரத்துக்கும் மேல். அடியில் வேகம் எடுக்க இடமே இல்லை. நின்ற இடத்திலிருந்து தூக்க வேண்டும். முன்னூறு இருப்பதால்தான் முடியும். அதைப் பார்த்ததும் நர்சீஸுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

இருவரும் பாறையைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். மேல் விளிம்பில் பச்சைப் பாசி. நர்சீஸ் அதை விரலால் தடவிப் பார்த்தார், வாயைத் திறந்தார். மரியோனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு என்னைத் தொடாதப்பா."

"சரி."

"விழுந்தாலும்."

நர்சீஸ் அவள் கையை விடவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தார்.

"சரிம்மா," என்றார்.

பாறைக்குக் கீழே போய் நின்று, முதுகுப் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை தன்னால் நீண்டுவிடக்கூடாதே என்ற பயம். மரியோனா வந்தாள், நிதானித்தாள், முறுக்கினாள். எஞ்சின் ஒரே உறுமலில் வண்டியைச் செங்குத்தாகத் தூக்கியது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியது. பின்சக்கரமும் விளிம்பைத் தொட்டது. கூட்டம் ஹோவென்று கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தல் முடிவதற்குள் பின்சக்கரம் பாசியில் சுழன்றது, சட்டென்று பிடி கிடைத்தது, முன்னூறின் மொத்த இழுவையும் முன்பக்கத்தை வானத்துக்குத் தூக்கியது.

நர்சீஸ் எல்லாவற்றையும் பார்த்தார். அவள் பின்னுக்குச் சாய்வதைப் பார்த்தார். கைப்பிடி அவள் கையை விட்டு நழுவுவதைப் பார்த்தார். இந்த முறை நிஜமாகவே விழுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இனிமேல் தொட்டாலும் ஐந்து, தொடாவிட்டாலும் ஐந்து, பிடித்தால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதும் தெரிந்தது. ஐயோ, எல்லாம் தெரிந்தது. கைகள் வாரைவிட்டு வரவில்லை. அவள் அவருடைய தோளுக்குப் பக்கமாகவே விழுந்தாள். வண்டி அவள்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் ஓடி வந்தார்கள், வண்டியை யார் தூக்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸ்காரப் பெண்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக வாரிலிருந்து பிரித்துவிட்டாள். மரியோனாவுக்குத் தோள்பட்டை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்திருந்தன. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குள் ஏற்றும்போது அப்பாவைக் கிட்டே கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நர்சீஸ் குனிந்தார். திட்டட்டும் என்றுதான் குனிந்தார்.

"நீ தொடவே இல்லப்பா," என்றாள். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்தவள் மாதிரிச் சிரித்தாள். மூன்றாம் இடம் போய்விட்டது, அணியும் போய்விட்டது, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு கூடினதும் இதே வண்டிதான், இதே மூட்டைக்காரன்தான், யாராவது அதை விற்றால் தெரியும் சேதி என்றாள். நர்சீஸ் தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவில் அவர் தனியாக நின்றார். ரெமேய் போன் செய்தாள். கஸ்பார் முந்திக்கொண்டு சொல்லிவிட்டிருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று நர்சீஸ் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அவ விழறப்ப நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"எவ்வளவு பக்கத்துல?"

நர்சீஸ் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு சுவரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

"கை எட்டுற தூரத்துல," என்றார்.