மூட்டுக் குளிசைக்கு நான் சொன்ன சாட்சி

ஆஸ்பத்திரியில மூட்டு கிளினிக்குக்கு நம்பர் எடுத்துட்டு வாங்குல உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பளை. ரெண்டு கை விரலும் வீங்கி, ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. அவங்களுக்கு முடக்கு வாதமாம்.

"எட்டு மாசமா கிளினிக் குளிசைய நிப்பாட்டிட்டேங்க. மூலிகைக் குளிசைதான் போடுறேன். கொறையவே மாட்டேங்குது"ன்னாங்க.

"ஐயையோ! யாருங்க நிப்பாட்டச் சொன்னது?" எல்லாம் தெரிஞ்சவ மாதிரிக் கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்க. ஒரு அக்கா வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருந்தாங்க. கேளுங்களேன். எனக்கு வெரலு வராது, இந்தப் போன்ல நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். வந்தது என் குரல்!

"ரெண்டே மாசம். இப்ப வத்தேகம சந்தைக்கு நடந்தே போறேன். மூட்டுக்கு இதை விட்டா வேற மருந்தே இல்லை"ன்னு அப்படி ஒரு குழைவு. போன வருஷம் அந்த மூலிகைக் குளிசை விக்கிறவ கேட்டாளேன்னு வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினது. அது ஹந்தானை வரைக்கும் ஏறும்னு யாரு கண்டா?

நான் பொய் சொல்லலை. முழங்கால் வலி கொறஞ்சது நெசம். ஆனா அந்த ரெண்டு மாசமும் டாக்டர் தந்த குளிசையும் ஒரு நாள் விடாமப் போட்டேன். படி ஏறக் கூடாதுன்னு கீழ் அறைக்கும் மாறியிருந்தேன். எதால கொறஞ்சதுன்னு எனக்கே தெரியாது. போதாததுக்கு எனக்கு வெறும் தேய்மானம், அவங்களுக்கு விரலையே திங்கிற வேற நோய். "நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க"ன்னு அந்த விக்கிறவ தூக்கி வெச்சதும் பாழாப்போன வாய் நீண்டுருச்சு.

"அது நான்தாங்க. டாக்டர் குளிசையும் சேர்த்துத்தான் போட்டேன். அதைச் சொல்லாம விட்டுட்டேன்"னு சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். அதுக்குள்ள அவங்க நம்பரைக் கூப்பிட்டாங்க.

டாக்டரைப் பார்த்துட்டு வெளிய வந்ததும் நேரா என் முன்னால நின்னாங்க.

"சாஞ்ச வெரலு இனி நேராகாதாம். மறுபடி கிளினிக் குளிசை போட்டா இதுக்கு மேல போகாமப் பார்க்கலாமாம்." போனை என் கையில வெச்சாங்க. "இப்பவே திரும்பப் பேசி அனுப்புங்கக்கா. எங்க லயத்து வீடுகள்ல இன்னும் மூணு பேரு நிப்பாட்டியிருக்காங்க. உங்க பேச்சை அவங்களுக்குப் போட்டுக் காட்டுனது நான்தான்."