கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துகள்

கைப்பேசிக் கடையின் பழுதுபார்க்கும் மேசையில் பதினோரு ஆண்டுகளாகக் குனிந்திருந்தவரைக் கடையில் எல்லோரும் 'பனிமலை' என்றே அழைத்தனர். தலையிலிருந்து உதிர்ந்த பொடுகே காரணம். தோளில் மட்டும் விழுந்த வரைக்கும் அது வெறும் கேலி. திரைமேல் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டும்போது அடியில் ஒரு துகள் சிக்கினாலோ, அங்கே காற்றுக்குமிழ் எழும். வாடிக்கையாளர் மறுநாளே வந்து நிற்பார். ஒரே வாரத்தில் நால்வர் வந்தனர். பனிமலையின் அக்காள் கணவரேயான கடை முதலாளி சுற்றி வளைக்கவில்லை: இன்னொன்று திரும்பி வந்தால் மேசையை விட்டெழுந்து வாசலில் கைப்பேசி உறை விற்க வேண்டியதுதான்.

திருப்புளி பிடித்த கைக்கு அது பெருந்தண்டனை. தலை வறண்டதால்தான் உதிர்கிறது என்று தாமே முடிவுகட்டி, காலையும் மாலையும் எண்ணெயைக் கவிழ்த்தார். பொடுகோ, விருந்து கண்ட உறவினரைப்போல் கிளம்ப மனமின்றித் தங்கிவிட்டது. அடுத்து, பழி வீட்டுச் சீப்பின்மேல் விழுந்தது. மனைவி விடவில்லை.

"பன்னெண்டு வருசமா ஒரே சீப்பு, ஒரே தலையணை. ஒட்டுறதா இருந்தா எனக்கு இந்நேரம் ஒட்டியிருக்கணும்ல? பேசாம டாக்டரைப் பாருங்க."

தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நுண்ணிய பூஞ்சை ஒன்று எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. எண்ணெய்ப்பசையைத் தின்று, ஒருவகை அமிலத்தை மிச்சம் வைக்கிறது. அது ஒவ்வாத தோல்தான் எரிச்சலுற்று அவசர அவசரமாக உதிர்கிறது.

"உங்க வீட்டம்மா தலையிலயும் அது இருக்கு. அவங்க தோல் போனாப் போகுதுன்னு விட்டுடுது, உங்க தோல் மல்லுக்கு நிக்குது. நீங்க வேற வேளாவேளைக்கு எண்ணெய் ஊத்தி அதுக்குச் சாப்பாடு போட்டிருக்கீங்க."

எண்ணெய் நின்றது. வாரம் இருமுறை மருந்து ஷாம்பூவை ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் குளித்தார். உதிர்வது வெகுவாகக் குறைந்தது. முன்னெச்சரிக்கையாக மேசையில் அமரும்போது துணித்தொப்பியும் அணிந்தார். அப்படியிருந்தும் ஒரு கைப்பேசி திரும்பி வந்தது. நடுத்திரையில் வெள்ளைத் துகள்.

வாசலைக் கைகாட்டினார் முதலாளி. ஒரே ஒருமுறை, அவர் கண்ணெதிரே ஒட்டிக் காட்டுவதாகக் கெஞ்சினார் பனிமலை. பழைய கண்ணாடியை எடுத்துத் துடைத்ததும் திரை பளிங்காயிற்று. புதுக் கண்ணாடி இறங்கும் நேரம், குற்றம் காணும் ஆவலில் முதலாளி வழக்கம்போல் மேலே குனிந்து தாடியைச் சொறிந்தார். திரையில் வெள்ளைத் துகள் ஒன்று மெல்ல வந்து அமர்ந்தது.

இருவரும் அதையே பார்த்தனர்.

"மாமா, நான் தொப்பி போட்டிருக்கேன்."

முதலாளி இரண்டடி பின்வாங்கினார். அதன்பின் வாசல் பேச்சையே எடுக்கவில்லை. கடை காலியானதும் மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்ளே, அந்த டாக்டர் தாடிக்கும் பாப்பாரா?"