இருபது கிலோமீட்டர் என்று எழுதிவிட்டேன்

எங்கள் முதல் மாரத்தானுக்காக மைத்துனன் குணாவும் நானும் ரெம்பாவ் ஊரின் செம்பனைத் தோட்டத்தில் பயிற்சி செய்தோம். ஓட வேண்டிய தூரத்தை முந்தைய நாளே டைரியில் எழுதிவிடுவேன்.

அன்று காலை குணா, "மாமா, காவடி விரதம் லா. ஒரு வேளதான் சாப்பாடு. பாதி ஓடுவோமா?" என்றான்.

"இருபதுன்னு எழுதிட்டேன்டா" என்றேன்.

பதினான்காவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தான். நான் முதலில் கைக்கடிகாரத்தை நிறுத்தினேன். பிறகுதான் அவனைத் தூக்கினேன். நல்ல வேளையாக, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்ற வந்த லோரிக்காரர் எங்களைக் கிளினிக்கில் சேர்த்தார்.

கண் விழித்ததும், "இன்னும் ஆறு பாக்கியா, மாமா?" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது ஓடி முடித்த பிறகே தூரத்தை எழுதுகிறேன். விரத நாள்களில் ஓடுவதே இல்லை. கடிகாரத்தை நிறுத்தியதை மட்டும் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. இது அச்சாகும் இந்த இதழை அவனும் படிப்பான்.